தபால்காரி வைத்த படலை

என் தபால்காரிக்கு,

இன்று காலை புதுக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறக்க உட்கார்ந்தேன். காசு கேட்காத கணக்குத்தான். நீயும் நானும் அந்தக் காலத்தில் திறந்ததைப் போன்றது, நிறுவனம் மட்டும் வேறு. பெயர் கேட்டது, பிறந்த நாள் கேட்டது, தொலைபேசி இலக்கம் கேட்டது. முகவரிக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்ட இடத்தில் உன் ஊரின் பெயரை அடித்தேன். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்று சிவப்பு எழுத்தில் மறுமொழி வந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் ஊர்ப் பெயரை எடுக்க எவருக்கு என்ன உரிமை என்று கைபேசியிடமே கேட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் தங்கை புவனா, "என்னக்கா, தனியக் கதைக்கிறீங்க?" என்றாள். பிறகு சிரிப்பு வந்தது. பனிச்சங்கேணிக்கு அங்கால், வாவி ஒரு பக்கமும் கடல் மறுபக்கமுமாகக் கிடக்கிற உன் சின்ன ஊருக்கு உலகத்தில் போட்டி. நீ இருந்திருந்தால் மேசையில் தட்டிச் சிரித்திருப்பாய்.

இன்னொன்றும் கவனித்தேன். இவர்கள் இப்போது தாயைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கைபேசிக்கு ஓர் எண் அனுப்புகிறார்கள், அதைத் திருப்பி அடித்தால் நாம் நாம்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தப் பழைய கேள்வி இல்லாதது எனக்கு என்னவோபோல் இருந்தது. புதுக் கணக்கை அரைகுறையில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் பழையதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது, பொறுத்துக்கொள்.

நம் இருவருக்கும் ஒரே வயது. நகரத்துத் தட்டெழுத்து வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். நான் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் தெருப் பெண், நீ வடக்கே இருந்து பஸ் பிடித்து வருகிறவள். வேகம் என் விரலுக்கு, பிழை விடாமை உன் விரலுக்கு. பிறகு நான் நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடை போட்டேன். ஊரெல்லாம் அதைக் கொமினிகேசன் என்றது. உனக்கு உன் ஊரின் உப தபாலகம் கிடைத்தது. பதவிப் பெயர் தபால் அதிபர் என்றாலும் ஊர் உன்னைத் தபால்காரி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பேச்சுக்குப் பேச்சு உங்கள் ஊர் வழக்கில் 'கா' போடுகிற நீ என்னைப் பறங்கிச்சி என்றாய். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்தது. நான் உனக்கென்று கேக் எடுத்து வைத்திருந்தேன், அது பெட்டியிலேயே பூஞ்சணம் பிடித்தது. நீ இருக்கிறாயா இல்லையா என்று பல நாள் எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்துக்குப் பாதையும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பிறகு ஒருநாள், யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டையோடு நீயே என் கடை வாசலில் வந்து நின்றாய். உன் வீடு இல்லை, தபாலகம் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை. கணினியைக் காட்டி, "இதில கடிதம் வரப்பண்ணலாம் எண்டு சொல்லுவியே, அதெப்பிடி?" என்று கேட்டாய்.

முதலில் சாப்பிடு, பிறகு பார்க்கலாம் என்றேன்.

"ஊடு போனாக் கட்டலாம் கா. எங்கட ஊருக்கு விலாசம் போயிட்டு. வெளிநாட்டில கிடக்கிற எங்கட புள்ளைகள் எந்த விலாசத்துக்கு எழுதுற? புவனாவுக்கு என்ன தெரியும், நான் இருக்கனா செத்தனா எண்டு?"

புவனா அப்போது வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். உன் ஊரில் வீட்டுக்கு ஒருத்தி அப்படிப் போயிருந்தாள். தொலைக்காட்சியில் கடலைப் பார்த்திருப்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: தேடுகிறவர்கள் வந்து தட்ட ஓர் இடம்.

அந்தக் காலத்து இணையம் தொலைபேசிக் கம்பியில்தான் வந்தது. கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு அது இணைவதை நீ ஆள் வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாய். படிவம் வந்ததும் உன் பெயரை அடிக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். கணக்கு உனக்கல்ல, ஊருக்கு என்றாய். முதற்பெயருக்கு ஊரின் பெயர், குடும்பப் பெயருக்குத் தபாலகம். இப்படியெல்லாம் ஊருக்குத் திறக்க ஏலாது, இது ஆளுக்கொன்று திறப்பது என்று விளக்கினேன்.

"ஆளுக்கொரு தபாலகம் வெச்சு எந்த ஊரில கண்ட நீ?" என்றாய்.

நாட்டைத் தெரிவு செய்யும் பட்டியலில் இலங்கையைத் தேடிக் கீழே கீழே போனோம். "எங்களை எப்பவும் கீழதான் வெப்பானுகள்" என்று முணுமுணுத்தாய். முகவரிக்கு உன் ஊரின் பெயரை அடித்ததும் உடனே கிடைத்துவிட்டது. என் பெயரில் உலகம் முழுக்க ஆட்கள் இருந்ததால் எனக்கு முன்பு வாலில் இலக்கம் ஒட்டித்தான் தந்தார்கள். உன் ஊருக்கு வால் தேவைப்படவில்லை. கடல் வந்தபின் உன் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கடவுச்சொல்லை மறந்தால் கேட்பதற்கு ஒரு கேள்வியையும் விடையையும் வைக்கவேண்டும். உங்கள் தாய் கலியாணத்துக்கு முன் வைத்திருந்த குடும்பப் பெயர் என்ன என்பது பட்டியலில் முதலாவது. வெள்ளைக்காரரிடையே கலியாணம் முடித்த பெண்ணுக்குப் புருசன் வீட்டுப் பெயர் வந்துவிடும், தாய் வீட்டுப் பெயர் மறைந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியாததால் அதை இரகசியமாக வைக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கள் தெருவிலும் அப்படித்தான்.

நீ திரையில் அந்தக் கேள்வியின்மேல் விரலை வைத்தாய். "எங்களுக்கு அது மட்டுந்தான் மறையாதது" என்றாய்.

உங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் குடி என்கிற வம்சப் பெயர் தாயிடமிருந்து வருகிறது. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடி, அவளுடைய தாயின் குடி. கோயில் சடங்கில் குடியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் குடி எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெளியாள் அப்படிக் கேட்பது சாதி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆனால் ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒன்று இரகசியத்துக்கு உதவாது என்பது எனக்கும் விளங்கியது.

"விசரா உனக்கு? கோயிலடியில நிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதைப் போய் விடையா வெக்கிற. நாயிட பேர் கேக்கிற கேள்வி ஒண்டு கீழ கிடக்கு, அதைப் போடு" என்றேன்.

"நாய் கடலோட போயிட்டு" என்றாய். "இதையே போடு. மற்றப் பக்கம் திரும்பு, நான் அடிக்கிறன்."

கடவுச்சொல்லுக்கும் என்னைத் திருப்பிவிட்டாய். என் கடை, என் கணினி, நான் சுவரில் தொங்கிய மாதாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த முகவரியை நீ வாய்வழியே அனுப்பினாய். கடலுக்குத் தப்பிய உன் ஊர்ச் சனம் இருந்த முகாமில் யாருக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் முதலில் முகவரியைச் சொல்லு, பிறகு அழு என்று சொல்லி வைத்திருந்தாய். அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய், கடைசியில் நோர்வேயிலிருந்து முதல் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே ஒரு வரி: ஆராவது இருக்கிறீங்களா?

நான் நீளமாக மறுமொழி எழுதத் தொடங்கினேன். சுனாமி, முகாம், நிவாரணம் என்று. நீ விசைப்பலகையை உன் பக்கம் இழுத்தாய். இருக்கிறோம் என்பதை உங்கள் பேச்சில் "இருக்கம்" என்று அடித்து அடுத்த வரிக்கு வந்தாய்.

"முதல் இதை அடிக்கோணும். மறுகாதான் மற்றக் கதையெல்லாம். அங்க மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாங்க கா."

அன்றிலிருந்து உன் தபாலகத்தின் எல்லாக் கடிதமும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. அடுத்த வாரம் புவனா எழுதினாள். தான் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளின் கணினியில் ஒளித்து எழுதியிருந்தாள். நீ அவளுக்கு மறுமொழி அடித்த பிறகுதான், முதல் தடவையாக, என் கடையில் குந்தியிருந்து அழுதாய்.

நான் அச்செடுப்பேன், நீ எழுத்து உள்ளே போகும்படி மடிப்பாய், வெளியே பெயர் எழுதுவாய், கூடாரம் கூடாரமாகக் கொண்டு போவாய். வாசிக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும் வாசிப்பாய். என் கண் அச்சுத் தாளில் கொஞ்சம் ஓடினாலும் பிடித்துவிடுவாய். "உன்ட கண்ணைக் கட்டிப்போட்டுத்தான் இனிப் பிரின்ட் எடுக்கோணும் போல" என்பாய். இருக்கம் என்று எழுத முடியாத வீடுகளும் இருந்தன. அவற்றுக்கும் நீயே எழுதினாய். யாருடைய உடல் எங்கே அடக்கம், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று நேராக எழுதினாய். மறுமொழி இல்லாமல் விடுவதுதான் பெரிய பாவம் என்பாய். அந்தக் கடிதங்களுக்குப் பிறகு நீ தேநீரும் குடிக்கமாட்டாய்.

ஊர் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தபோது சண்டை திரும்ப வந்தது. உங்கள் பக்கம் பாதை மூடப்பட்டது. ஷெல் சத்தம் நகரம் வரை கேட்டது. முன்கூட்டியே வெளியேறியவர்கள் வாவியின் இந்தப் பக்கத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நீ வரவில்லை. கிழவிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாய் என்றார்கள்.

கடைத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. எழுதுகிறோம், மறுமொழி இல்லையே என்று எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு. உன் கணக்கில் கடிதங்கள் வந்து குவிவது எனக்குத் தெரியும், திறக்கக் கடவுச்சொல் தெரியாது. ஒருநாள் புவனா அழைப்பு எடுத்தாள்.

"அக்காவுக்குக் கடிதம் போட்டுப் போட்டு அலுத்துப் போனன். ஒண்டும் வருதில்லக்கா."

"அவ உள்ள அம்பிட்டுப் போனா புவனா. கடவுச்சொல் எனக்குத் தெரியா. தாயிட குடும்பப் பேர் எண்டு ஒரு கேள்வி மட்டும் கேக்குது."

அவள் அழுகையும் சிரிப்புமாக, "இதென்ன கேள்வி? இது எங்கட குடியைத்தான் கேக்குது" என்றாள். சொன்னாள். அடித்தேன். திறந்தது.

உள்ளே பக்கம் பக்கமாக அதே கேள்வி. ஆராவது இருக்கிறீங்களா. நான் உன் வேலையைச் செய்தேன். முகாம் முகாமாகப் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய் ஆட்களைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொருவரையும் கண்டபின் வந்து இருக்கம் என்று அடித்தேன். மடிக்கும்போது எழுத்தை உள்ளே விட்டே மடித்தேன். ஆனால் புவனாவுக்கு என்னால் எழுத முடியவில்லை. அக்கா இருக்காவா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல்லை அடிப்பேன், அழிப்பேன். கண்ணால் காணாமல் அதை எழுதக்கூடாது என்று நீ பழக்கி வைத்திருந்தாய். அப்போது உன்மேல் எனக்கிருந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

தை பிறந்த பிறகு ஒரு பகல் நீ வந்தாய். காட்டைச் சுற்றி, சனத்தோடு சனமாக நடந்து, கிழவிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தாய். காலில் சோடி மாறிய செருப்பு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் கத்தியபடி ஓடி வந்து உன்னைப் பிடித்தேன். நீ என் தோளுக்கு மேலால் கணினியைப் பார்த்தாய்.

"தபால் வந்ததா கா?"

உன்னை அடிக்கவேண்டும் போல இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன். நீ புவனாவுக்கு உன் கையாலேயே "இருக்கன்" என்று அடித்தாய். பிறகுதான் தண்ணீர் கேட்டாய். குடித்து முடித்துவிட்டு, எப்படித் திறந்தாய் என்று கேட்டாய். உன் பூட்டை உடைத்துவிட்டேன் என்று சொன்னேன். புவனா சொல்லித்தந்த கதையையும் சொன்னேன். கோபிப்பாய் என்று நினைத்தேன். உன் முகம் மலர்ந்தது.

"பூட்டா? ஆர் பூட்டு வெச்ச? அது வேலிப் படலை கா. முதல் நாளே நினைச்சுத்தான் வெச்சன். நான் கடலோட போயிருந்தா ஆர் துறக்கிற? எங்கட வயித்தில பிறந்த எந்தப் புள்ள வந்து தட்டினாலும் துறக்கோணும்."

விசரா என்று உன்னைக் கேட்டவள் நான். அறிவாளிகள் திருடனுக்காக யோசித்து வைத்த கேள்வியை நீ உன் ஆட்களுக்காக யோசித்துப் பார்த்திருக்கிறாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த பெருமை இன்றுவரை குறையவில்லை. நான் அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன். "சரி, சரி, மற்றப் பக்கம் திரும்பு" என்று சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றினாய்.

போர் முடிந்த ஆண்டிலும் அந்தக் கேள்வியோடு கடிதங்கள் வந்தன. கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குப் போனவர்களைப் பற்றியும் கேட்டார்கள். அவற்றுக்கு நீ என்ன எழுதினாய் என்று நான் பார்க்கவில்லை, உன் முதுகை மட்டும் பார்த்தேன்.

அதற்கடுத்த வைகாசியில் உன் ஊர் அம்மன் கோயிலில் பல வருடத்துக்குப் பிறகு சடங்கு ஒழுங்காக நடந்தது. புவனாவும் திரும்பி வந்திருந்தாள். நான் கிறிஸ்தவ வேதக்காரி என்பதால் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் குடியைக் கூப்பிட்டதும் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் பெண்களுக்கு நடுவில் நிறுத்தினாய். ஒரு பெரியவர், "இவ ஆர் புள்ள?" என்று கேட்டார்.

"நாங்க உள்ள கிடக்கக்குள்ள எங்கட பேரைச் சொல்லிக் கதவு துறந்தவ. எங்கட குடி இல்லாம வேற ஆர்?" என்றாய்.

அவர் வெற்றிலைத் தட்டத்தை என்னிடம் நீட்டினார். எங்கள் தேவாலயத்தில் எத்தனையோ நல்லாசிகள் பெற்றிருக்கிறேன். அந்த வெற்றிலையையும் அப்படியே இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினேன்.

இந்த மாசியில் நோய் உன்னைக் கொண்டுபோனது. உன் செத்த வீட்டுக்கு வந்தவர்களை இருத்த ஊரில் கதிரை போதவில்லை. பலர் உன் கையால் ஒரு மடித்த தாளாவது வாங்கியவர்கள். நீ படுக்கையில் விழுந்த பிறகு கணக்கை யாரும் திறக்கவில்லை, கடவுச்சொல்லும் உன்னோடு போயிற்று. கவனிப்பாரில்லாமல் அதை மூடியிருப்பார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்தோம். ஊர் விலாசமில்லாமல் இருக்கக்கூடாது, புதிதாக ஒன்று திறப்போம் என்று புவனா சொன்னாள். அதற்காகத்தான் இன்று காலை உட்கார்ந்தேன்.

பெயர் இல்லை என்று சிவப்பெழுத்து வந்ததும், பழைய படலையை ஒருக்கால் தட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கணக்கு இருந்தது. கடவுச்சொல் தெரியாது என்று சொன்னேன். கேள்வி வந்தது, அதே கேள்வி. புவனா கீரையை வைத்துவிட்டுத் தானாகவே மற்றப் பக்கம் திரும்பினாள். நீ பழக்கிய பழக்கம். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடித்தேன், திறந்தது. என்ன அடித்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். கடிதத்தில் அதையெல்லாம் எழுதாதே என்று நீதான் ஏசுவாய்.

விளம்பரக் குப்பைகளுக்கு நடுவில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. அனுப்பிய முகவரியைப் பார்த்துத் திகைத்தேன். புது நிறுவனத்தில் காலையில் எனக்குக் கிடைக்காத முகவரி, உன் ஊரின் பெயர். எழுதியவள் பிரான்சில் பிறந்த பெண். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. தன் அம்மா உன் ஊர் என்றும், போன வருடம் அம்மா காலமானார் என்றும் எழுதியிருக்கிறாள். ஊரின் பெயரைத் தன் மின்னஞ்சலுக்கு வைத்துக்கொண்டாளாம். ஊர்ச் சனம் முகாமில் இருந்த காலத்தில் யாரோ ஒருவர் அம்மாவுக்குக் கடிதங்கள் அனுப்பிய பழைய விலாசம் இது என்று அம்மா சொல்லியிருக்கிறார். கடைசி வரி இதுதான்: இந்த விலாசத்தில் இன்னும் யாராவது இருக்கிறீர்களா?

புவனாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெதியா எழுதுங்கக்கா, புள்ள காத்துக்கொண்டு இருக்கும்" என்றாள்.

எழுதினேன். முதல் வரி உன்னுடையது: இருக்கம்.

இரண்டாவது வரியில், நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கத் துணியாததைக் கூச்சமில்லாமல் கேட்டேன்: மகள், உங்கட அம்மா என்ன குடி?